என் ஸ்கூட்டர்ல மாட்ட ஒரு கேமரா

முதல்ல ஒரு வீடியோவ பத்தி சொல்லிடறேன், ஏன்னா இந்தப் பதிவே அதுல இருந்துதான் ஆரம்பிக்குது. நடைபாதையில இருந்து ரோட்டுக்கு இறங்கற ஒரு சரிவு. செங்குத்தா இருக்கும், கூடவே இடது பக்கமா சாய்ஞ்சும் இருக்கும். அதுல இறங்கறப்போ என் மொபிலிட்டி ஸ்கூட்டரோட (நடக்க சிரமப்படறவங்க உக்காந்து ஓட்டற பேட்டரி வண்டி) பின் சக்கரத்துல ஒண்ணு தரையை விட்டு லேசா தூக்குறது உடம்புக்குத் தெரியும், வயிறு ஒரு நிமிஷம் காலியான மாதிரி ஆகிடும். அதைத்தான் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து தம்பி பொண்ணுகிட்ட காட்டுனேன். அவ ரெண்டு தடவை பாத்துட்டு, "நல்லாத்தானே இருக்கு அத்தை, ரோடு வழவழன்னு இருக்கே"ன்னா.

அவ மேல தப்பே இல்ல. வீடியோல அப்படித்தான் இருந்துச்சு. நான் நடுங்கிகிட்டே இறங்கின இடம், அந்தப் படத்துல வீட்டு வராண்டா மாதிரி இருந்துச்சு. எந்த கேமரா வாங்கலாம்னு மாசக்கணக்கா தேடுனவ நான், ஆனா கேமராவுக்கு என்ன தெரியணும்னு அன்னைக்குத்தான் யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

நான் மொபிலிட்டி ஸ்கூட்டர் ஓட்ட ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. கால்ல பலம் குறைஞ்சுகிட்டே வர்ற ஒரு தசை நோய், இப்போ கை விரல்லயும் கொஞ்சம் இருக்கு. முன்னாடி நாலு தெரு தாண்டி யாராவது கூட்டிட்டுப் போனாதான் உண்டு, இப்போ நானே கிளம்பிப் போயிட்டு வர்றேன். அந்த சந்தோஷத்தை சேர்த்து வைக்கணும்னு ஒரு ஆசை. இன்னொண்ணு, இதே மாதிரி வண்டியில போறவங்க "அந்தப் பக்கம் போக முடியுமா, படி இருக்கா, லிஃப்ட் எங்க இருக்கு"ன்னு கேக்கறப்போ வாயால சொல்றதை விட ஒரு வீடியோ காட்டுனா போதும். 1968-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல அல் தீம்னு ஒருத்தர் தன் குடும்பத்துல ஒருத்தருக்கு நடக்க முடியாம போனதுக்காக முதல் மொபிலிட்டி ஸ்கூட்டரை செஞ்சாராம். வீட்டு ஆளுக்காக ஒரு மனுஷன் செஞ்ச வண்டி இது, எனக்கு அதை நினைச்சாலே மனசு நிறைஞ்சிடும்.

சரி, கேமராவுக்கு வர்றேன். எல்லாரும் சொல்ற மாதிரி நானும் கையில இருக்கற போன்லயே ஆரம்பிச்சேன். கைப்பிடியில ஒரு ஹோல்டர் மாட்டி போனை வெச்சா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. இப்போ வர்ற நல்ல போன்கள்ல லென்ஸே உள்ள நுணுக்கமா அசைஞ்சு ஆட்டத்தை சரி பண்ற மாதிரி ஒரு அமைப்பு இருக்கு. வண்டியோட அதிர்வு தொடர்ந்து அதுல படப்பட அது கெட்டுப் போகலாம். 2021-ல ஆப்பிள் கம்பெனியே இதை பத்தி ஒரு எச்சரிக்கை போட்டாங்க, பெரிய மோட்டார் சைக்கிள்ல ஐபோனை மாட்டாதீங்க, சின்ன வண்டி, எலக்ட்ரிக் வண்டின்னா அதிர்வை உறிஞ்சற மவுண்ட் போட்டுக்கோங்கன்னு. நம்ம ஸ்கூட்டர் மெதுவா போற வண்டிதான், ஆனா சின்ன மாடல்கள்ல காத்தே இல்லாத கெட்டி டயர் இருக்கும், டைல்ஸ் போட்ட நடைபாதையில போனா கடகடன்னு கைப்பிடி வரைக்கும் அடிக்கும். அதோட போன்தான் எனக்கு அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடற வழி. அதை வண்டி முன்னாடி மாட்டி பேட்டரிய தீத்துட்டு நடுவழியில நிக்கறது எனக்கு சரிப்படல. டிராயர்ல சும்மா கிடக்கற பழைய போன் இருந்தா தாராளமா அதுல ஆரம்பிங்க, செலவே இல்ல. தினமும் பேசற போன் வேண்டாம்.

அடுத்து டேஷ்கேம் பாத்தேன். ரோட்டை படம் எடுக்க கார் கண்ணாடியில மாட்டறாங்களே அதேதான். விலை குறைவு, தானா ஓடும், கார்டு நிறைஞ்சா பழசை அழிச்சு மேல எழுதிக்கும். ஆனா பெரும்பாலானது கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரறதுக்காக செஞ்சது, மழை ஒரு தூறல் விழுந்தாலும் பயம். எப்பவும் கரண்ட் வேற குடுத்துகிட்டே இருக்கணும். பைக்குக்குன்னு தனியா வர்ற வாட்டர்ப்ரூஃப் டேஷ்கேம் நல்லது, ஆனா அதை வண்டியோட வயர்ல இணைக்கணும், இங்கதான் ஒண்ணு அழுத்தி சொல்லணும். நம்ம ஸ்கூட்டர்ல பொதுவா 12 வோல்ட் பேட்டரி ரெண்டு வரிசையா சேர்ந்து 24 வோல்ட்டா ஓடும். சிலர் ஒரு பேட்டரியில இருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ட் எடுத்துக்கறாங்க. அப்படி எடுத்தா ஒரு பேட்டரி மட்டும் அதிகமா தீரும், இன்னொண்ணு நிறைஞ்சே இருக்கும், சார்ஜர் ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஏத்தும், கொஞ்ச நாள்ல ரெண்டும் வீணாகும். கேமரா சாப்பிடற கரண்ட் ரொம்ப கம்மிதான், பிரச்சனை ஒரு பேட்டரியில இருந்து மட்டும் இழுக்கறதுலதான் இருக்கு. வண்டியிலயே யூஎஸ்பி சாக்கெட் இருந்தா பயன்படுத்துங்க, இல்லன்னா கூடையில ஒரு பவர் பேங்க் போட்டுக்கோங்க. வண்டி வயர்ல கை வைக்காதீங்க. நம்ம காலே அதுதான்.

மூணாவதா வாங்குனது, ஓடறப்போ குதிக்கறப்போ மேல மாட்டிக்கற ஒரு மலிவான ஆக்‌ஷன் கேமரா. பெட்டி மேல பெருசா 4கேன்னு போட்டிருந்துச்சு. 4கே படம்னா 3840-க்கு 2160 புள்ளி, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. உள்ள இருக்கற சென்சார்ல (வெளிச்சத்தை படமாக்கற சில்லு) அவ்வளவு புள்ளியே இல்லாம, எடுத்த சின்னப் படத்தை இழுத்து பெருசாக்கி 4கேன்னு எழுதிக்கறது இந்த விலையில நிறைய நடக்குது. படத்துல மரத்தோட இலையெல்லாம் பச்சை பெயிண்ட் பூசின மாதிரி இருந்துச்சு. அதுக்குன்னு வாங்குன மெமரி கார்டும் ஏமாத்திடுச்சு. 128 ஜிபின்னு போட்டிருக்கும், உள்ள இருந்தது அதுல கொஞ்சம்தான், அது நிறைஞ்சதும் மேல மேல எழுதி பழசு எல்லாம் போச்சு. முழுசா ரெண்டு மணி நேரம் ஒரு ஏரிக்கரையில போன பயணம், முதன்முதலா தனியா அவ்வளவு தூரம் போனது, ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு அழுதேன். அதுக்கப்புறம் எந்த கார்டு வாங்குனாலும் கம்ப்யூட்டர்ல போட்டு முழுக்க எழுதிப் படிச்சு பாக்கற ஒரு இலவச சோதனை செஞ்சுட்டுதான் கேமராவுக்குள்ள போடறேன். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3னு ரெண்டு மென்பொருள் இருக்கு, ராத்திரி போட்டு விட்டா காலையில உண்மை தெரிஞ்சிடும்.

இந்த மூணையும் தாண்டித்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. கேமரா ரிவ்யூ பண்றவங்க எல்லாரும் ஓடறவங்க, குதிக்கறவங்க, ரெண்டு கையும் சும்மா இருக்கறவங்க. எனக்கு வண்டி ஓடணும்னா அந்த லீவரை பிடிச்சுகிட்டே இருக்கணும், விட்டா அங்கயே பிரேக் விழுந்து நின்னுடும். அதனால ஒரு கை எப்பவும் வண்டிக்கு. மிச்சம் இருக்கற இடது கையில பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளற பலம் எனக்கு இல்ல. கேமராவோட பேட்டரி மூடி இருக்கே, ஒரு குட்டி தாழ்ப்பாளை நகத்தால தள்ளிகிட்டே இழுக்கணும், அந்த ஒரு மூடிதான் எனக்கு பெரிய கதவு. ஆன்லைன்ல எத்தனை புள்ளி, எத்தனை ஃப்ரேம்னு பாத்துகிட்டு இருந்தவ, அன்னையில இருந்து மூடி எப்படி திறக்குது, பட்டன் எவ்வளவு பெருசு, குரல் சொன்னா கேக்குமான்னு பாக்க ஆரம்பிச்சேன். நீங்க வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா யாரோடதாவது வாங்கி கையில வெச்சு, மூடியை நீங்களே மூணு தடவை திறந்து மூடிப் பாருங்க. மத்தவங்க திறந்து காட்டறதை பாத்து முடிவு பண்ணாதீங்க.

கடைசியில வாங்குனது செகண்ட் ஹேண்ட்ல கோப்ரோ கம்பெனியோட ஒரு ஹீரோ9 பிளாக் கேமரா. 2020-ல வந்தது. புதுசுல பாதி விலை கூட ஆகல. இதை ஏன் எடுத்தேன்னா, முன்பக்கமும் ஒரு குட்டி ஸ்கிரீன் இருக்கு, அதனால வண்டியில உக்காந்தே நான் ஃப்ரேம்ல இருக்கேனான்னு பாத்துக்கலாம். மேல இருக்கற சிவப்பு பட்டனை முஷ்டியால தட்டுனா கூட போதும், ஆஃப்ல இருந்து நேரா ரெக்கார்டிங் ஆரம்பிச்சிடும். கவரே இல்லாம 10 மீட்டர் தண்ணி தாங்கும்னா மழைக்கு கவலையே இல்ல. குரலுக்கும் கேக்கும், ஆனா தமிழ்ல சொன்னா புரியாது, இங்கிலீஷ்ல ஒரு கட்டளை சொல்லணும், பஸ் போற சத்தத்துல அதுவும் காதுல விழாது. கால் மடிச்சு வெச்ச மாதிரி அடியில ரெண்டு கொக்கி இருக்கு, அதுல திருகு போட்டு மாட்டணும், அந்த திருகுதான் எனக்கு இன்னைக்கும் கஷ்டம். டிஜேஐங்கற இன்னொரு கம்பெனியோட ஆஸ்மோ ஆக்‌ஷன் 3 காந்தத்துல டக்குன்னு ஒட்டிக்கற மாதிரி இருக்கும், விரல் பலம் ரொம்ப கம்மியா இருக்கறவங்க அதோட பழைய பீஸ் கிடைக்குதான்னு பாருங்க. கைப்பிடியே வேண்டாம், சட்டையில மாட்டிக்கறேன்னா இன்ஸ்டா360 கோ 3னு ஒரு குட்டி கேமரா இருக்கு, வெறும் 35 கிராம், கழுத்துல ஒரு காந்த தகடு மாட்டி அது மேல ஒட்டிக்கலாம். என்னோடது 158 கிராம், தொப்பியில மாட்டுனா கழுத்து வலிக்கும்.

பழசா வாங்கறப்போ நான் பாத்தது இவ்வளவுதான்: பேட்டரி உப்பியிருக்கா, லென்ஸ் மேல இருக்கற கண்ணாடியில கீறல் இருக்கா, மூடியோட ரப்பர் விளிம்பு கிழிஞ்சிருக்கா, பதினஞ்சு நிமிஷம் விடாம ரெக்கார்ட் பண்ணா நிக்காம ஓடுதா. இந்தக் கடைசி சோதனை நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆக்‌ஷன் கேமரா சூட்டை காத்துலதான் ஆத்திக்கும். சைக்கிள்ல இருபது கிலோமீட்டர் வேகத்துல போறவங்களுக்கு காத்து தானா அடிக்கும். நாம மணிக்கு ஆறு கிலோமீட்டர்ல ஊர்ந்து, சிக்னல்ல நின்னு, யாராவது வழி விடற வரைக்கும் நின்னு போறவங்க. வெயில்ல 4கே போட்டு நின்னுகிட்டு இருந்தா சூடாகி அதுவா அணைஞ்சிடும். நான் அதனால எல்லாத்தையும் 1080பி, 30 ஃப்ரேம்லதான் எடுக்கறேன். போன்ல பாக்கறவங்களுக்கு அது போதும். கார்டுல இடமும் மிச்சம்: கேமரா நொடிக்கு 100 மெகாபிட் தகவலை எழுதுனா மணிக்கு 45 ஜிபி ஆகும், 30 மெகாபிட் எழுதுனா 13.5 ஜிபி. 64 ஜிபி கார்டுல முதலாவது ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், ரெண்டாவது நாலரை மணி நேரம் வரும், என் வண்டி பேட்டரி கூட அவ்வளவு நேரம் ஓடாது. கார்டு மேல யூ3 இல்ல வி30ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, நொடிக்கு 30 எம்பி குறையாம எழுதும்னு அர்த்தம். கேமரா பேட்டரி 1720 எம்ஏஎச், நடைமுறையில ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம். அதை நடுவழியில மாத்தறது என் விரலுக்கு ஆகாதுங்கறதால வயர் நுழையற ஓட்டை உள்ள ஒரு தனி மூடி வாங்கி, பவர் பேங்க்ல சொருகியே வெச்சிருக்கேன். அப்படி மாட்டுனா தண்ணி புகும், அதனால மழை நாள்ல மட்டும் தம்பி பொண்ணு பழைய மூடியை மாத்தி குடுப்பா.

எங்க மாட்டறதுங்கறதுதான் நான் ரொம்ப நாள் போராடின விஷயம். எல்லாரும் முதல்ல கைப்பிடியிலதான் மாட்டுவாங்க, நானும் அப்படித்தான். ஆனா ஸ்கூட்டர்ல திரும்பறப்போ கைப்பிடித் தண்டு முழுசா திரும்பும், வண்டி உடம்பு அப்புறம்தான் திரும்பும். வீடியோல பாத்தா உலகமே வெடுக்குன்னு ஒரு பக்கம் ஓடி திரும்பி வர்ற மாதிரி இருக்கும், அஞ்சு நிமிஷம் பாத்தா தலை சுத்தும். முன் கூடையில வெச்சா இன்னும் மோசம், கூடை தனியா ஆடும். சீட்டுக்குப் பின்னாடி உயரமா ஒரு கம்பி போட்டு தோளுக்கு மேல இருந்து எடுத்தா படம் அருமையா வரும், லிஃப்ட்ல ஏறறப்போ கம்பி கதவுல இடிக்கும். இப்போ இடது கை வைக்கற கட்டையில ஒரு கிளாம்ப் போட்டு, ஒரு சாண் உயர தண்டு வெச்சு மாட்டியிருக்கேன். கை கட்டை சீட்டோட சேர்ந்தது, சீட்டு அதிர்வை கொஞ்சம் வாங்கிக்கும். திருப்பத்துலயும் நிதானமா இருக்கு. கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி சுத்தியிருக்கேன், வழுக்காது, அதிர்வும் குறையும். எதுல மாட்டுனாலும் ஒரு கயிறு கட்டி வண்டியோட முடிச்சு போட்டுடுங்க, கீழ விழுந்தா நாம குனிஞ்சு எடுக்க முடியாது.

அந்த உயரத்துல இன்னொரு நல்லதும் இருக்கு. உக்காந்திருக்கற என் கண் தரையில இருந்து 120 சென்டிமீட்டர் கிட்ட. கேமராவும் கிட்டத்தட்ட அங்கதான் இருக்கு. நிறுத்தி வெச்ச பைக்கோட கண்ணாடி என் முகத்துக்கு நேரா வர்றது, கவுண்டர் மேடை என் நெத்தி உயரத்துல இருக்கறது, கூட்டத்துல எல்லாருடைய முதுகும் பையும் மட்டும் தெரியறது, இதெல்லாம் நின்னு எடுக்கற படத்துல வராது. (கூட்டத்துல எடுக்கறப்போ அடுத்தவங்க முகம் வராம பாத்துக்கறேன், வந்தா மங்கலாக்கிட்டுதான் வெளிய அனுப்புவேன். பாவம், அவங்க என் வழியில நடந்தாங்க, அவ்வளவுதான்.)

இவ்வளவும் சரி பண்ண அப்புறம்தான் அந்த சரிவு வீடியோ எடுத்தேன். தம்பி பொண்ணு வழவழன்னு இருக்குன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. கேமரா செட்டிங்கை எடுத்து ஒவ்வொண்ணா பாத்தேன். 2018-ல ஹீரோ7-ல கோப்ரோ ஹைப்பர்ஸ்மூத்னு ஆட்டத்தை அடக்கற ஒண்ணை கொண்டு வந்ததுல இருந்து எல்லா கம்பெனியும் அதைத்தான் பெருமையா சொல்றாங்க. ஓடறவங்களுக்கு அது வரம். எனக்கு? ரோட்டுல இருக்கற குழி, தூக்கிப் போடற விளிம்பு, உடைஞ்ச டைல்ஸ், நான் காட்டணும்னு நினைச்ச எல்லாத்தையும் அதுதான் துடைச்சு எடுத்துடுச்சு. அது பத்தாதுன்னு அடிவானத்தை நேரா வைக்கற ஒரு லென்ஸ் மோடையும் நான் போட்டிருந்தேன். வண்டி இடது பக்கமா சாய்ஞ்சா படத்தை திருப்பி நேராக்கிடும். நான் விழற மாதிரி சாய்ஞ்ச அந்த நொடியில படம் நேரா நிக்குது. மூணாவது, கேமராவோட லென்ஸே அகலமானது. அது தூரத்தை தள்ளி, சரிவை படுக்க வெச்சு காட்டும். மேடெல்லாம் அதுல தணிஞ்சுதான் தெரியும். மூணும் சேர்ந்து என் ரோட்டை இஸ்திரி போட்டு வெச்சிடுச்சு.

அதனால இப்போ ரெண்டு விதமா எடுக்கறேன். சும்மா ஏரிக்கரை, மரம், சாயங்கால வெளிச்சம்னா எல்லாத்தையும் ஆன் பண்ணி வெச்சுப்பேன், பாக்கறவங்களுக்கு கண்ணுக்கு சுகமா இருக்கட்டும். வழி காட்டற வீடியோன்னா ஆட்டத்தை அடக்கறதை ஆஃப் பண்ணிடுவேன், லென்ஸை லீனியர்ல (ஓரத்துல வர்ற வளைவை நேராக்கற மோட்) வைப்பேன், அடிவானத்தை நேராக்கற மோட் கூடவே கூடாது. சத்தத்தையும் வெட்ட மாட்டேன். மைக் மேல ஒரு துண்டு ஸ்பாஞ்ச் மட்டும் ஒட்டியிருக்கேன், காத்து இரைச்சல் குறையும், ஆனா சக்கரம் விளிம்புல மோதற 'டங்'குங்கற சத்தம் அப்படியே கேக்கும். அந்த சத்தத்தை வெச்சே ஸ்கூட்டர் ஓட்டறவங்க அது எவ்வளவு உயரம்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

சரிவுக்கு மட்டும் இதுவும் பத்தல. லென்ஸ் எதுவா இருந்தாலும் சரிவோட கோணத்தை கண்ணால சொல்ல முடியாது. அதனால போன்ல இருக்கற மட்டம் பாக்கற ஆப்பை திறந்து, ஒரு ஆளை கூட்டிட்டுப் போய் சரிவு மேல போனை வெச்சு, அந்த டிகிரி தெரியற மாதிரி பத்து நொடி எடுத்துடறேன். பொதுவா சரியான சரிவுன்னா ஒண்ணுக்கு பன்னண்டுன்னு சொல்லுவாங்க. 10 சென்டிமீட்டர் உயரம் ஏறணும்னா 120 சென்டிமீட்டர் நீளம் வேணும், கோணம் 5 டிகிரிக்கும் கொஞ்சம் கம்மியா வரும். அந்த இடத்துல போன்ல 11னு காட்டுச்சு, பக்கவாட்டுல வெச்சா 6.

போன ஞாயித்துக்கிழமை அதே இடத்துக்கு தம்பி பொண்ணையும் கூட்டிட்டுப் போனேன். போனை தரையில வெச்சு எடுத்தது அவதான். அப்புறம் அவளே பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்து சரிவோட தலையில படுக்க வெச்சு விட்டா. அது நேரா கீழ உருளல. இடது பக்கமா வளைஞ்சு, வேகம் பிடிச்சு, ரோட்டுக்குள்ள போய் ஒரு வண்டி சக்கரத்துக்கு முன்னாடி நின்னுச்சு. கேமரா கை கட்டையில இருந்து எல்லாத்தையும் எடுத்துகிட்டு இருந்துச்சு. அவ ஓடிப் போய் பாட்டிலை எடுத்துட்டு வந்து, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அத்தை, நீங்க இதுலயா தனியா இறங்குனீங்க? நீங்க இங்கயே இருங்க, இன்னொரு தடவை எடுக்கறேன், பாட்டில் போற வழி சரியா விழல"ன்னா.